எச்சில்

முதலில் நான்கு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள்.
கதிர் பட்ட தாடை அப்புறம் லேசில் ஆறாதாம்.
பிறகு வெந்நீரில் தோய்த்த ஒரு வலையை
என் முகத்தின்மேல் விரித்து அழுத்தினான் யமாண்டு.
"அசையாதீங்க வால்டெமார்,
ஆறிப் போனதும் இதுதான் நீங்க."

ஒன்பது கொக்கிகள்.
மேசையோடு சேர்த்து என்னைப் பூட்டிவிட்டு
கனத்த கதவுக்கு அப்பால் ஓடிவிடுவார்கள் எல்லோரும்.
இருபத்தாறு வருஷம் மோன்டேவீடியோவில் பேருந்து ஓட்டியவன் நான்.
என்னைத் தனியே விட்டு எல்லோரும் இறங்குவது
பணிமனை வாசலில் மட்டும்தான்.

அதனால் ஓட்டினேன்.
கண்ணை மூடி, நாக்கின்மேல் ஒரு கட்டையைக் கடித்தபடி,
செர்ரோ மலையடியில் கிளம்பி,
பழைய இறைச்சிக் கிடங்கு, பாலம்,
மூன்று சிலுவை நிலையம்.
தலையைச் சுற்றி வந்து முனகும் இயந்திரம்.
நல்ல நாளில் ஆற்றோரச் சாலை வரை போய்விடுவேன்.
தொண்டை அடைத்த ஒரு நாள்
இரண்டாவது நிறுத்தத்திலேயே கையை ஆட்டி
நிறுத்தச் சொன்னேன்.
பயணிகள் யாரும் திட்டவில்லை.
இல்லாதவர்கள் பொறுமைசாலிகள்.

பதினோராம் நாள் ரொட்டி அட்டையானது.
பதினைந்தாம் நாள் தண்ணீர் ஆணியானது.
அதன் பிறகு வாயில் ஊறியதெல்லாம்
கோந்து.
தாடியில் ஒரு பக்கம் தலையணையோடு வந்துவிட்டது,
மறுபக்கம் நரைத்துக்கொண்டே இருந்தது,
ஒன்றுமே நடக்காதது போல.

எங்கள் ஊரில் ஒரு சுரைக்குடுக்கை,
அதில் கசக்கும் இலைத்தூள், வெந்நீர், ஒரே ஒரு குழல்.
மாத்தே.
குழலைத் துடைத்துவிட்டு வாய் வைப்பவன்
அந்தக் கூட்டத்தையே அவமதிக்கிறான்.
ஒருவர் எச்சிலில் இன்னொருவர் உறிஞ்சுவதற்குத்தான்
இங்கே சிநேகம் என்று பெயர்.
"நன்றி" சொல்லிக் குடுக்கையைத் திருப்பினால்
போதும், இனி எனக்கு ஊற்றாதே என்று அர்த்தம்.

காத்திருப்பு அறையிலும் சுற்று நடக்கும்.
ஃபிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கியபடி எல்பியா ஊற்றுவாள்,
மார்புக்கு இருபது தடவை வந்துபோனவள்.
என் முறை வந்தபோது
குடுக்கை என்னைத் தாண்டிப் போயிற்று.
அவள் செய்தது தப்பில்லை.
வெந்து கிழிந்த வாய்க்கு வெந்நீர் ஆகாது.
ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
கை காட்டியும் நிற்காமல் போகும் வண்டியைப் போல.
அப்படி நானும் எத்தனை பேரைத் தாண்டிப் போயிருப்பேன்.

மாத்தேயை விட்டுவிட்டேன் என்றாள் மிர்த்தா.
ஒரு விடியற்காலை மாடிப்படியிலிருந்து
கடைசிச் சொட்டைக் குழல் இழுக்கும் அந்த ஓசை வந்தது.
எழுந்து போனேன். குரல் இல்லை.
பக்கத்துப் படியில் உட்கார்ந்து
இன்னொரு தரம் ஊற்று என்று விரலால் காட்டினேன்.
அவள் குடித்தாள். நான் ஆவியை முகர்ந்தேன்.
ஏழு மணிக்கு
என் வயிற்றுக் குழாயில் பாலை ஏற்றினாள்,
மெதுவாக,
அதுவும் ஒரு சுற்றுதான் என்பது போல.

முப்பத்து மூன்றாம் நாள்.
கொக்கிகள் கழன்றன.
காற்றுக் கிழிந்த குரலில் "நன்றி" என்றேன்.
யமாண்டு விழுந்து விழுந்து சிரித்தான்.
அவனும் இந்த ஊர்க்காரன்தானே.

கதிர் நின்றும் மூன்று வாரம் வெந்தது கழுத்து.
இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.
சொன்னார்கள், நான்தான் கேட்கவில்லை.
ஆகஸ்ட் குளிரில் குழாயை உருவினார்கள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு.
ஆறவைத்து நீட்டினாள்.
இனிப்பு இன்னும் கிளம்பவே இல்லை,
உப்பு பாதி வழியில் நிற்கிறது,
கசப்பு மட்டும் வந்து இறங்கியது
முதல் பயணியாக.
மிர்த்தா என் முகத்தையே பார்த்தாள்.
குழலை அவள் துடைத்திருக்கவில்லை.
என் வாயில் எச்சில் இல்லை,
அவளுடையது இருந்தது.

குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தேன்.
நன்றி சொல்லவில்லை.